பெனீனாவுக்கு ஒரு நாளா, இரண்டு நாளா?

கிளாஸ்கோ விமான நிலையத்தில் மகளை வழியனுப்ப வந்த லோர்னா ஷாப்பிரோ கண் கலங்கவில்லை. கலங்குவதற்கு அவருக்கு நேரம் போதவில்லை. சொல்ல வேண்டிய புத்திமதிகளில் பாதி இன்னும் மிச்சமிருந்தது.

“ஒரு வருஷம். காதுல விழுதா? ஒரே வருஷம். ஒரு நாளைக்கூட வீணாக்காதே. எல்லாத்தையும் பாரு, எல்லாத்தையும் கத்துக்கோ, முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வா.”

“எல்லாத்தையும் ஒரே வருஷத்துல எப்படிம்மா பார்க்கிறது?” என்றாள் பெனீனா.

“காலைல சீக்கிரம் எழுந்திரிச்சா பார்க்கலாம். நீ எழுந்திரிக்கிற லட்சணத்துக்குப் பத்து வருஷம் ஆகும்.”

பள்ளிச் சீருடைக் கடை வைத்திருந்த தந்தை ஹாரிஸ், பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டே, “ஒட்டகத்து மேல உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடு கண்ணு. அது வந்துட்டா மீதி வருஷத்தைப் பத்தி நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்” என்றார்.

இது 1996 ஆகஸ்டில் நடந்தது. பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரி தொடங்கும் முன் பிள்ளைகளை ஓராண்டு ஜெருசலேமுக்கு அனுப்பி வைப்பது கிளாஸ்கோ யூதக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். பெனீனாவின் அண்ணன் போனான், வந்தான். லண்டனில் வேலையில் அமர்ந்துவிட்டான். பெரியப்பா மகள் போனாள், வந்தாள். போனவர்கள் எல்லாரும் வெயிலில் கறுத்த முகத்தோடும் கொஞ்சம் எபிரேய மொழியோடும் ஒழுங்காகத் திரும்பிவிட்டதால், அந்த ஆண்டைச் சற்று நீளமான விடுமுறை என்றே லோர்னா கருதியிருந்தார். பெனீனாவுக்குப் பல் மருத்துவக் கல்லூரியில் கிடைத்த இடம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளி வைக்கப்பட்டுக் காத்திருந்தது.

ஒரு பொருளை மட்டும் பெட்டியில் வைக்க லோர்னா விடவில்லை. ஷாப்பிரோ வீட்டில் ஓய்வுநாளும் பண்டிகையும் பிறக்கும் மாலையில் பெண்கள் ஒவ்வொருவரும் தத்தம் மெழுகுவர்த்தியைத் தாமே ஏற்றுவார்கள். பெனீனாவுக்கென்று, அவள் குழந்தையாக இருந்தபோதே வாங்கிய, குட்டையான வெள்ளித் தண்டு ஒன்று உண்டு.

“அது இங்கேயே அலமாரியில இருக்கட்டும். பார்க்கும்போதெல்லாம் நீ வந்துடுவேன்னு எனக்கு ஒரு தெம்பு. அங்கே கண்ணாடி டம்ளர்ல ஏத்திக்கோ” என்றுவிட்டார்.

முதல் இரண்டு மாதங்களைப் பெனீனா முழுமூச்சாக வீணாக்கினாள். இதை அவளே ஒப்புக்கொள்கிறாள். மறுக்க முடியாத அளவுக்குச் சாட்சிகள் அதிகம். அயல்நாட்டுப் பெண்களுக்கான அந்தப் படிப்பகத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் நடந்தன. அறைத் தோழி கிட்டல் மான்செஸ்டர்க்காரி. உறங்கும்போது மட்டுமே பேசாதிருப்பவள். மாலையானால் இருவரும் நகரின் நடுவே ஒரு பீட்சாக் கடையில் போய் உட்காருவார்கள். அங்கே மான்செஸ்டர், லண்டன், ஜோஹன்னஸ்பர்க் பிள்ளைகள் அனைவரும் இருந்தனர். ஜெருசலேம்காரர் என்று அடுப்படியில் ஒரே ஒருவர் இருந்தார், அவரும் ஆங்கிலம் பேசினார்.

வியாழக்கிழமைதோறும் லோர்னா தொலைபேசியில் அழைப்பார்.

“இந்த வாரம் என்ன பார்த்தே?”

“மேற்கு மதிலைப் பார்த்தேன்மா.”

“போன வாரமும் அதைத்தான் பார்த்தே. நகர்ந்திருக்கா?”

செப்டம்பர் இறுதியில் கூடாரப் பண்டிகை வந்தது. பண்டிகையின் முதல் நாளை உள்ளூர்க்காரர்கள் ஒரு நாளாகவே கொண்டாடி மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வெளிநாட்டு யூதர்களுக்கோ அது பரம்பரையாக இரண்டு நாள். திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்திருப்பவர் ஜெருசலேமிலும் இரண்டு நாளே அனுசரிக்க வேண்டும். தங்கிவிடத் தீர்மானித்தவருக்கு அன்றிலிருந்து ஒரே நாள். ஆகவே அந்த இரண்டாம் நாளில், பேருந்துகள் ஓட, கடைகள் திறந்திருக்க, பெனீனாவும் கிட்டலும் மட்டும் பட்டுப் பாவாடையில் பிரார்த்தனைக்கு நடந்து போனார்கள். ஒரு பேருந்து ஓட்டுநர் ஒலி எழுப்பி, “பொண்ணுங்களா, நேத்தோட முடிஞ்சுது!” என்று கத்திவிட்டுப் போனார். அப்போது அது பெனீனாவுக்கு வேடிக்கையாக இருந்தது, அவ்வளவே.

பண்டிகைக்குப் பிறகு பிற்பகல்களில் ஏதேனும் தொண்டு செய்தாக வேண்டும் என்று படிப்பகம் விதித்தது. வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் நாளன்று பெனீனா வழக்கம்போல் தூங்கிப்போனாள். கிட்டல் முதியோர் இல்லத்தில் பேச்சுத் துணையாகும் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை உலகில் இல்லை. எவரும் கேட்காமல் எஞ்சியது, இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய கத்தமோனிம் பகுதியின் பாலர் பள்ளி.

அதை நடத்தியவள் ஐரிஸ். இருபத்தாறு வயது, குர்திஸ்தானிலிருந்து வந்த யூதக் குடும்பம், தெருமுனைக்குக் கேட்கும் குரல். பெனீனாவுக்குத் தெரிந்த எபிரேய மொழி முழுவதும் வழிபாட்டு நூலில் கற்றது. முதல் நாள், சுவரில் வண்ணம் அப்பிக்கொண்டிருந்த நான்கு வயதுக் கூட்டத்தின் முன் நின்று, “பிள்ளைகாள், அமைதி கொண்டு அவரவர் ஆசனத்தில் அமர்ந்தருள்வீராக” என்னும் தோரணையில் அவள் ஏதோ சொன்னாள்.

அறை நிசப்தமாயிற்று. ஒரு சிறுமி மெல்ல ஐரிஸின் பாவாடையை இழுத்தாள்.

“ஐரிஸ், இந்த அக்கா ராஜா வீட்லேர்ந்து வந்திருக்காங்களா?”

“ஆமாண்டி. அங்கே இடமில்லைன்னு நம்மகிட்டே தள்ளிவிட்டுட்டாங்க. எல்லாரும் போய் அருளுங்க, சீக்கிரம்!”

அதன்பின் பெனீனாவுக்கு மொழி கற்பித்தவர்கள் அந்தப் பிள்ளைகளே. ஒவ்வொரு தவறுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். டிசம்பருக்குள் அவள் சரளமாகப் பேசினாள், ஆனால் நான்கு வயதுக்குரிய சரளம். அஞ்சலகத்தில் ஒரு தடித்த மனிதர் வரிசையில் குறுக்கே நுழைந்தபோது, அவளை அறியாமலே அவள் வாயிலிருந்து வந்தது: “நான்தான் முதல்ல வந்தேன்! இவரு என்னைத் தள்ளுறாரு! இவரு கெட்டவரு!” வரிசை மொத்தமும் அவள் பக்கம் சேர்ந்தது, அந்த மனிதர் மன்னிப்புக் கேட்டுப் பின்னால் போனார். ஜெருசலேம் வரிசைகளில் வேறெந்த நடையும் அவ்வளவு பயன் தராது என்பதை அவள் அன்றே கண்டுகொண்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள், தாய் பள்ளியில் விட்டுவிட்டுப் போன ஏக்கத்தில் ஒரு பிள்ளை மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டு வர மறுத்தது. பெனீனா கெஞ்சவில்லை. தானும் மேஜைக்கு அடியில் நுழைந்து, பையிலிருந்த ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பால் வாங்கப் போயிருந்த ஐரிஸ் திரும்பியபோது வகுப்பறை காலியாகக் கிடந்தது. மேஜைத் துணியின் அடியில் வகுப்பு முழுவதும் ஒரே ஆப்பிளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது.

“உன்னைப் பல் பிடுங்கவா அனுப்பப் போறாங்க?” என்றாள் ஐரிஸ் குனிந்து பார்த்து. “அநியாயம்டி. உன்னைப் பார்த்தா பிள்ளைங்க பல்லைக் காட்டுதுங்க. அங்கே போனா உன்னைப் பார்த்து ஓடும்.”

அந்த வாக்கியம் பெனீனாவை விட்டுப் போகவில்லை. பிப்ரவரியில், ஐரிஸைத் தவிர யாரிடமும் சொல்லாமல், ஜெருசலேமில் பாலர் பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். நேர்காணலில் தேர்வும் பெற்றாள். வியாழக்கிழமைகளில் லோர்னா, “உன் வெள்ளைக் கோட்டுக்கு அளவு வேணுமாம். கொஞ்சம் குண்டாயிட்டியா, அப்படியேதான் இருக்கியா?” என்று கேட்கும்போது, “அப்படியேதான்மா” என்பாள். அது ஒன்றுதான் அவளால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

ஒரு வியாழக்கிழமை லோர்னாவின் குரலில் உற்சாகம் பொங்கியது. “பஸ்காவுக்கு நானும் அப்பாவும் அங்கே வர்றோம்! உன் வருஷத்தோட கடைசிப் பண்டிகை, சேர்ந்து கொண்டாடிடலாம். உன் வெள்ளித் தண்டையும் கொண்டுவர்றேன். திரும்பும்போது எடுத்துட்டு வந்துடுவேன்.”

ஐரிஸின் பெற்றோர் பஸ்கா வாரத்துக்கு ஹைஃபாவில் இருந்த இளைய மகன் வீட்டுக்குப் போகவிருந்தனர். “உங்கம்மா அப்பா ஹோட்டல்ல தங்கினா எங்கம்மா என்னைக் கொன்னுடுவா. எங்க வீடு சும்மாத்தானே கிடக்கு, சாவியைப் பிடி” என்று ஐரிஸ் கொடுத்துவிட்டாள்.

இடம் கிடைத்துவிட்டது, ஆனால் பெனீனாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பஸ்காவின் தொடக்க இரவில் குடும்பம் கூடி, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து முன்னோர் விடுபட்ட கதையை வாசித்து, விருந்துண்ண வேண்டும். உள்ளூரில் அந்த விருந்து ஓர் இரவு. கிளாஸ்கோக்காரர்களுக்கு இரண்டு இரவு. இரண்டாம் இரவில் அவள் தாயின் மேஜையில் எந்த முறைமையில் உட்காருவது? படிப்பகத்தில் மதச் சட்டம் கற்பித்த குருவான ரபி ஸாண்டரிடம் போனாள்.

“ரபி, பஸ்காவுக்கு எனக்கு ஒரு நாளா, இரண்டு நாளா?”

“திரும்பிப் போறியா?”

“அம்மா அப்படித்தான் நினைக்கிறாங்க.”

“கேள்வி கேட்டது உங்கம்மா இல்லை, நீ. போறியா?”

“தெரியலை, ரபி.”

“தெரியலைன்னா ரெண்டு நாள். போயிட்டு வா.”

பெனீனா எழுந்து கதவு வரை போனாள். கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள். பிறகு திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். “தெரியும், ரபி. தங்கப் போறேன்.”

“அப்ப ஒரு நாள். ரெண்டாம் நாள் உனக்கு ஒரு புதன்கிழமை, அவ்வளவுதான். அம்மா மேஜையில மரியாதைக்கு உட்காரு, சாப்பிடு. ஆனா தீபத்துக்கு ஆசீர்வாதம் சொல்லாதே. உனக்கு இல்லாத பண்டிகைக்கு ஆண்டவன் பேரை இழுக்கக் கூடாது.”

“ஒன்றரை நாள்னு ஒரு கருத்து இருக்காமே?”

“இருக்கு. ரொம்பப் பெரியவங்க சொன்னது. நீ அந்தப் பக்கம் போகாதே. ஏற்கெனவே ஒன்றரை மனசோடதான் வந்திருக்கே.”

“அம்மாகிட்டே எப்படிச் சொல்றது?”

ரபி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது சட்டம் இல்லைம்மா, தைரியம். அதுக்கு வேற வாத்தியார்.”

அவர்கள் ஊர் திரும்பும் முந்தைய நாள் சொல்லிவிடுவது என்று பெனீனா முடிவு செய்துகொண்டாள். அதுவரை பண்டிகை கெடாமல் போகட்டும்.

முதல் இரவு அப்படியே போயிற்று. வெள்ளித் தண்டில் அவள் வர்த்தி ஏற்றி, கண்களைக் கைகளால் மூடி ஆசீர்வாதம் சொன்னாள். அது அவளுக்கும் பண்டிகைதான். அண்டை வீடுகளின் ஜன்னல்களிலிருந்து அதே பாட்டுகள் அரை வரி முன்னும் பின்னுமாகக் கேட்டன. லோர்னா, “ஊரே நம்ம வீட்டு விருந்தைச் சாப்பிடுது, ஹாரிஸ்!” என்று பூரித்துப் போனார். இரண்டு இரவுக்கும் பகலுக்கும் சேர்த்து, பண்டிகைக்கு முன்பே சமைத்த கோழி சூப்பும் மாட்டிறைச்சியும் பெரிய பானைகளில் சூட்டுத்தட்டின் மேல் இருந்தன. பண்டிகையில் மின்சாரப் பொத்தானைத் தொடக்கூடாது என்பதால் அந்தத் தட்டு தொடர்ந்து எரிந்துகொண்டே இருக்கும்.

மறுநாள் நட்சத்திரங்கள் தெரிந்ததும் ஊருக்குப் பண்டிகை முடிந்தது. கீழே கார்கள் உறுமத் தொடங்கின. லோர்னா இரண்டாம் விருந்துக்கு உடைமாற்ற உள்ளே போனார். பெனீனா, அன்று விருந்துக்கு அழைத்திருந்த கிட்டலைக் கூட்டிவர நடந்து போயிருந்தாள். ஹாரிஸ் கோட்டும் தொப்பியுமாகச் சோபாவில் உட்கார்ந்திருந்தார். அப்போது, தன் கிதாரை எடுத்துப் போக ஐரிஸ் வந்தாள். அயல்நாட்டாருக்கு இரண்டாம் நாள் என்று ஒன்று உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் பிறந்ததிலிருந்து ஒரே நாள் கொண்டாடியவளுக்கு, நட்சத்திரம் தெரிந்த பிறகு அது நினைவில் நிற்பதில்லை.

“மாமா, பண்டிகை முடிஞ்சுதே, இன்னும் கோட்டைக் கழட்டலையா?” என்றாள் எபிரேயத்தில்.

ஹாரிஸுக்கு அந்த மொழியில் பேசத் தெரிந்தது ஒரே சொல். “நன்றி, நன்றி” என்றார்.

“இந்தப் பானையெல்லாம் இப்படியே இருந்தா கெட்டுப்போயிடும். ஃப்ரிட்ஜுல வெச்சிடட்டுமா?”

“நன்றி.”

“எவ்வளவு நல்ல மனுஷன் நீங்க! எங்கப்பாவா இருந்தா இதுக்குள்ளே நாலு சண்டை போட்டிருப்பார்.”

“நன்றி, நன்றி.”

பானைகள் குளிர்பெட்டிக்குள் போயின. சூட்டுத்தட்டின் ஸ்விட்ச் அணைந்தது. மேடையைத் துடைக்கும்போது துணைக்கு வானொலியையும் போட்ட ஐரிஸ், கீழே நண்பர்கள் காரில் ஒலி எழுப்பவே, கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஹாரிஸின் கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டு, வானொலியை மறந்து ஓடினாள். அவர்கள் கலிலேயாக் கடலுக்குப் போய்விட்டார்கள்.

பெனீனாவும் கிட்டலும் படியேறும்போதே நடனப் பாட்டு கேட்டது. உள்ளே லோர்னா, பண்டிகை உடையில், அணைந்த தட்டின் முன் நின்றுகொண்டிருந்தார்.

“உங்கப்பா பக்கத்துல உட்கார்ந்துகிட்டே இருந்திருக்கார். கண்ணெதிரே ஒரு பொண்ணு விருந்தையே தூக்கி ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கா. இவர் வேடிக்கை பார்த்திருக்கார்.”

“ரொம்ப அன்பா செஞ்சா” என்றார் ஹாரிஸ் பாவமாக.

“இப்ப யாரு அதைப் போடறது? அந்த ரேடியோவை யாரு நிறுத்தறது?” லோர்னா ஒரு தலையணையை எடுத்து வானொலியின் மேல் அழுத்தினார். பாட்டு, ஜலதோஷம் பிடித்தவன் பாடுவதுபோல் தொடர்ந்தது. “பரவாயில்லை. குளிர்ந்த சூப் குடிப்போம். நம்ம முன்னோர் பாலைவனத்துல சூடாவா குடிச்சாங்க?”

கிட்டல் பெனீனாவைப் பார்த்தாள். பெனீனா தரையைப் பார்த்தாள். அந்த வீட்டில் அந்தப் பொத்தானை அமுக்கக்கூடியவள் தான் ஒருத்திதான் என்பதும், அமுக்கினால் எல்லாம் சொன்னதாகிவிடும் என்பதும் அவளுக்குத் தெரிந்தன. இன்னும் ஆறு நாள் பொறுத்தால் போதும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாளிலிருந்து எரிந்துகொண்டிருந்த விளக்கிலிருந்து லோர்னா தன் இரண்டு வர்த்திகளை ஏற்றினார். கிட்டல் தன்னுடையதை ஏற்றினாள். “வா பெனீனா” என்று வெள்ளித் தண்டை நகர்த்தினார் லோர்னா.

“நீங்க ஆரம்பிங்கம்மா, அந்தத் தலையணை நழுவுது, நான் பிடிச்சுக்கறேன்” என்று பெனீனா விலகிக்கொண்டாள். வெள்ளித் தண்டு ஏற்றப்படாமல் நின்றது. இரைச்சலில் லோர்னா அதை விட்டுவிட்டார், அல்லது விட்டுவிட்டதாகத் தோன்றியது.

வாசிப்பு தொடங்கியது. வானொலியில் அப்போது என்ன ஓடியது என்பதில் குடும்பத்தில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கால்பந்துச் செய்தி என்பார் ஹாரிஸ். சோப்பு விளம்பரம் என்பார் லோர்னா. இரண்டும் ஓடியிருக்க நேரம் இருந்தது.

மேஜையில் இருப்பவர்களில் இளையவர் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி வந்தது. கிட்டலைவிடப் பெனீனா சில மாதம் இளையவள். பேசத் தொடங்கிய வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு முறை அதை அவளே கேட்டிருக்கிறாள்.

“கேளு கண்ணு” என்றார் ஹாரிஸ்.

பெனீனா எழுந்தாள். “இந்த ராத்திரி மட்டும் மத்த ராத்திரியைவிட ஏன்…”

மேலே போக முடியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து யாரோ நாளைய வெயிலைப் பற்றிப் பேசினார்கள். கீழே ஒரு பேருந்து நின்று கிளம்பியது. ஊர் முழுக்க அது சாதாரண இரவு.

“என்னாச்சு, மறந்துட்டியா?” என்றார் ஹாரிஸ்.

“இல்லைப்பா. இந்த ராத்திரி எனக்கு வேற மாதிரி இல்லை.”

புத்தகத்தை மூடி வைத்தாள். தலையணையை எடுத்தாள், வானொலியை அணைத்தாள். அமைதி சட்டென்று வந்து மேஜையில் உட்கார்ந்தது. அடுக்களைக்குள் போய் ஸ்விட்சை அமுக்கினாள். சூட்டுத்தட்டின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

லோர்னாவின் பார்வை அந்தச் சிவப்பு விளக்கிலிருந்து ஏற்றப்படாத வெள்ளித் தண்டுக்குப் போய், மகளின் முகத்தில் வந்து நின்றது. வாழ்நாள் முழுவதும் இரண்டு நாள் அனுசரித்தவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

“முடிவே பண்ணிட்டியா?”

“ஆமாம்மா.”

“ரபிகிட்டே கேட்டியா?”

“கேட்டேன்.”

“ரபிக்குத் தெரியும். ஐரிஸுக்கும் தெரிஞ்சிருக்கும். கிட்டல், உனக்கு?”

கிட்டல் தன் வாழ்வில் முதல் முறையாகப் பேசாமலிருந்தாள்.

“இந்த வீட்டு சூட்டுத்தட்டுக்குக்கூட எனக்கு முன்னாடி சொல்லியாச்சு” என்றார் லோர்னா. குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் உடைந்தது. பெனீனா குளிர்பெட்டியிலிருந்து சூப்புப் பானையை இரு கைகளாலும் தூக்கி வந்து தட்டின் மேல் வைத்தாள்.

“எடு அதை. எனக்காக நீ சூடு பண்ணக் கூடாது. எனக்கு இன்னிக்குப் பண்டிகை” என்றார் லோர்னா.

“உனக்காகவா பண்றேன்? எனக்காகப் பண்றேன். எனக்குப் பசிக்குது. பானை பெருசா இருந்தா நான் என்னம்மா பண்ணட்டும்?”

ஹாரிஸ் தொண்டையைக் கனைத்தார். “சட்டப்படி சரியாத்தான் தோணுது.”

“நீங்க பேசாதீங்க! நன்றி நன்றின்னு சொல்லியே விருந்தை ஃப்ரிட்ஜுக்கு அனுப்பினவர்.”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே லோர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்போடு கண்ணீரும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்வதற்கில்லை. கிட்டல் எழுந்து அந்தக் கேள்வியைத் தான் கேட்டாள். ஹாரிஸ் பதிலை வாசிக்கத் தொடங்கினார். லோர்னா மெல்ல அடுக்களைக்கு வந்து மகளின் அருகில் நின்றார்.

“பல் மருத்துவம்?”

“பல் டாக்டர்கிட்டே வர்றவங்க வாயைத் திறக்க மாட்டாங்கம்மா. எங்க பிள்ளைங்க மூடவே மாட்டாங்க. எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.”

“அங்கேயும் பாலர் பள்ளி இருக்கே.”

“இருக்கு. அங்கே இருந்தா நான் உன் பொண்ணு மட்டும்தான். இங்கே வந்து வேற என்னெல்லாமோ ஆயிட்டேன். வரிசையிலகூட யாரும் என்னை முந்த முடியாது, தெரியுமா?”

லோர்னா பானையின் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். “ஒரு நாளைக்கூட வீணாக்காதேன்னு நான்தானே சொன்னேன்.”

“நீதான்மா சொன்னே.”

“இனிமே யாருக்காவது புத்தி சொன்னா யோசிச்சுச் சொல்லணும்” என்றார் லோர்னா. பிறகு, “சீக்கிரம் ஊத்து. உனக்காக ஊத்திக்கும்போது அப்பாவுக்கும் ஒரு கிண்ணம் தவறி விழட்டும்” என்றார்.

நடந்ததைக் கேள்விப்பட்ட ஐரிஸ் இரண்டு நாள் கழித்து ஓடி வந்தாள். “அத்தை, என் கையை வெட்டிப் போடுங்க!” என்று வாசலிலேயே கத்தினாள். லோர்னா அவளை உட்கார வைத்து, பெனீனா மொழிபெயர்க்க, பாலர் பள்ளியைப் பற்றி ஒன்றுவிடாமல் விசாரித்தார்: சம்பளம் ஒழுங்காக வருமா, குளிர்காலத்தில் அறை சூடாக இருக்குமா, இவள் காலையில் நேரத்துக்கு வருகிறாளா. கடைசிக் கேள்விக்கு ஐரிஸ் சிரித்து மழுப்பியதும்தான், மற்ற பதில்கள் உண்மை என்று லோர்னாவுக்கு நம்பிக்கை வந்தது.

ஊர் திரும்பும் நாளில் பெட்டிகள் டாக்சியில் ஏறின. வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்த பெனீனா, ஜன்னல் விளிம்பில் வெள்ளித் தண்டு நிற்பதைக் கண்டு, அதை எடுத்துக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடி வந்தாள்.

“அம்மா, இதை மறந்துட்டே!”

லோர்னா டாக்சி ஜன்னலை இறக்கினார். “மறக்கலை. கண்ணாடி டம்ளர்ல ஏத்தினா வெடிச்சுடும்” என்றார். டாக்சி கிளம்பியது.

பெனீனா பயிற்சி முடித்து, அதே கத்தமோனிம் பகுதியில், ஐரிஸின் பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளித் தன் பாலர் பள்ளியைத் தொடங்கினாள். ஹைஃபாவில் இருந்த ஐரிஸின் தம்பி நிசிமை மணந்தாள். அந்த பஸ்காவில் அவன் தன் பெற்றோரைக் கூப்பிட்டுக்கொண்டதால்தான் எல்லாம் நடந்தது என்று அவன் இன்றும் பெருமை பேசுவான். லோர்னாவும் ஹாரிஸும் ஆண்டுதோறும் பஸ்காவுக்கு வந்து அவள் வீட்டில் இரண்டு நாள் அனுசரித்தார்கள். இரண்டாம் இரவில் பெனீனா ‘தனக்காக’ சூப்பைச் சூடு பண்ணுவாள். பிள்ளைகள் பிறக்கப் பிறக்கப் பானை பெரிதாயிற்று. ஒட்டகப் போட்டோ மட்டும் இன்றுவரை எடுக்கப்படவில்லை.

2014இல் சீருடைக் கடையை விற்றுவிட்டு லோர்னாவும் ஹாரிஸும் ஜெருசலேமுக்கே குடிவந்தார்கள். அடுத்த பஸ்காவின் முதல் நாள் முடிந்து நட்சத்திரங்கள் தெரிந்தபோது, பெனீனாவின் வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். மேஜை விரிக்கப்படவில்லை. லோர்னா அறைக்கும் அடுக்களைக்கும் நடந்தார். “இந்த நேரத்துக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லாம இருந்ததே இல்லை” என்று முணுமுணுத்தார்.

சூட்டுத்தட்டை அணைத்தாகிவிட்டது, பானையில் முதல் நாள் சூப் மிச்சமிருந்தது. லோர்னா ஸ்விட்சின் முன் வந்து நின்றார். விரலை நீட்டினார், சட்டென்று இழுத்துக்கொண்டார், பிடிபட்டவர்போல் திரும்பிப் பார்த்தார்.

“அமுக்கு லோர்னா” என்றார் சோபாவிலிருந்து ஹாரிஸ். “யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

லோர்னா கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது. மகளைப் பார்த்து முகவாயை உயர்த்தினார்.

“நான் எனக்காகத்தான் சூடு பண்ணிக்கறேன். வேணும்னா நீங்களும் ஆளுக்கு ஒரு கிண்ணம் குடிங்க.”

“நன்றி, நன்றி” என்றார் ஹாரிஸ்.